மிரேன் காலோ ஒருத்தியா, இரண்டு பேரா?

என்னோடு சண்டை போடுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்துவிட்ட ஜோயல் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்றையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்க்கிறேன். குனிந்து அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறேன். திரும்பி வந்து, எழுதியது பிடிக்காமல் அடித்துவிடுகிறேன்.

ஆமாம், தொட்டில்தான். நீ தாய்மாமன் ஆகிவிட்டாய். அதை உன்னிடம் சொல்ல எனக்குப் பத்து நாளுக்கு மேல் இருந்தது. நான் சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமலே போய்விட்டாயா?

அடுத்த மாதம் உன் முதல் வருட நினைவு நாள் வருகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் அல்லவா, எதையும் நாலு வரியில் முடித்துவிடுவார். எனக்கு நாலு வரி போதாது, நான் கடிதமாக எழுதுகிறேன் என்றேன். அதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நமக்குள் நடந்தது ஒரு பெயரைப் பற்றிய சண்டை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு வீடியோ கேம்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, வேறு வேறு கம்பெனிகள் செய்தவை. வீட்டில் நாம் அவற்றைத் தமிழில்தான் அழைப்போம். ஒன்று 'சாம்பல் துறைமுகம்'. இன்னொன்று 'நெடுவெளித் தூதர்கள்'. முதலாவதில் மிரேன் காலோ என்று ஒரு படகுக்காரி வருவாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் எல்லோரையும் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, இடிந்து விழும் பாலத்தில் தான் மட்டும் நின்றுவிடுவாள். தண்ணீர் அவளை மூடும். அவள் கதை அதோடு சரி.

அப்புறம் நாலு வருடம் கழித்து, விண்வெளியில் தபால் சுமக்கிற அந்த இரண்டாவது கேமில் ஒரு நிலையத்தின் மூலையில் மெக்கானிக் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை நீ கண்டுபிடித்தாய். அவளிடம் பேசவேண்டிய அவசியமே கிடையாது. பேசாமலே கேமை முடித்துவிடலாம். நீதான் எல்லா மூலையிலும் போய் நின்று எல்லோரிடமும் பேசுகிற ஆள் ஆயிற்றே. அவள் இரண்டே வாக்கியம் சொன்னாள். கப்பலின் வலப்பக்க இயந்திரத்தைப் பார்த்துக்கொள் என்றாள். 'நான் முன்பு தண்ணீர்ப் பக்கம் இருந்தவள்' என்றாள். அவள் தலைக்கு மேல் பெயர் தெரிந்தது. மிரேன் காலோ.

அன்று நீ என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். நம் வீட்டில் யாராவது சத்தம் போட்டால் முதலில் உன் நெஞ்சைப் பற்றித்தான் எல்லோருக்கும் நினைப்பு வரும்.

படிக்கிறவர்களுக்கு அதையும் சொல்லவேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அண்ணனின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு வயதில் சேலத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஓடக்கூடாது, பந்து விளையாடக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது. ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஓடாமல் ஒரு பையன் என்ன செய்வான்? மேடும் பள்ளமும் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது? அப்பா யாரிடமோ சொல்லிவைத்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அதில் நீ ஓடினாய், நீந்தினாய், சுவரேறிக் குதித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். பெரும்பாலும் தப்பாகத்தான் சொன்னேன்.

பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது. உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் சேர்ந்து எழுதுகிற ஒரு இணையக் களஞ்சியத்தில், வெவ்வேறு கேம் வரிசைகளில் ஒரே பெயரோடு வருகிறவர்களுக்கென்று நாம் ஒரு பக்கம் தொடங்கினோம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மூன்று தலைப்பு வைத்தோம்: உறுதியானவை, இருக்கக்கூடியவை, பெயர் ஒற்றுமை மட்டும். எழுதியது ஆங்கிலத்தில், சண்டை போட்டது தமிழில்.

நீ மிரேனை 'இருக்கக்கூடியவை'யில் வைத்தாய். நான் எடுத்து 'பெயர் ஒற்றுமை மட்டும்' என்பதற்குள் போட்டேன். மறுநாள் நீ திரும்ப மேலே ஏற்றினாய். கதை எழுதுகிறவர்களுக்குப் பெயர் பஞ்சம், கையில் கிடைத்ததை வைத்துவிடுகிறார்கள், இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. நம் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலு ஸ்டெல்லா இருந்தார்களே, நாலு பேரும் ஒருத்தியா என்று கேட்டேன். நீ ஒரு நாள் பதில் சொன்னாய். அந்தப் பதில் அப்போது எனக்கு வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது.

"ஒரு கதையில அவ செத்துட்டான்னு சொல்லியாச்சு. இன்னொரு கதைக்காரன் அவளுக்கு ஒரு மூலையில வேலை போட்டுக் குடுத்திருக்கான். உனக்கு அதுல என்ன நட்டம், ரூபி?"

எனக்கு ஒரு நட்டமும் இல்லைதான். இருந்தாலும் விட்டேனா?

கல்யாணமாகி நான் சேலத்துக்குப் போன பிறகும் சண்டை நிற்கவில்லை. சொல்லப்போனால் நாம் பேசிக்கொண்டதே அந்தப் பக்கத்தில்தான். நீ அனுப்புகிற திருத்தத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஏற்காடு கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வேலையை முடித்துக்கொண்டு, ஷேர் ஜீப்பில் வந்து இறங்கி, நீ அதை அனுப்பியிருப்பாய் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டேன். நம் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் கோடு வராது. மேட்டுக்கு ஏறித் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றால்தான் எதையும் அனுப்ப முடியும். நான் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுவேன். நீ எத்தனை நிமிடத்தில் ஏறினாய்? எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய்? என் வரியை அழிப்பதற்காகவா தினமும் அந்த மேட்டில் ஏறினாய்?

போன வருடம் மழை பிடித்த சமயம். எனக்கு நாள் தள்ளிப்போய், டாக்டர் உறுதி செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையிலிருந்து வாந்தி. யார் மேலாவது எரிந்துவிழவேண்டும் போலிருந்தது. பக்கத்தைத் திறந்தால், மிரேனைப் பற்றி நீ ஒரு நீண்ட பத்தி புதிதாகச் சேர்த்திருந்தாய். பாலம் இடிந்த காட்சியில் அவள் உடலை யாரும் காட்டவில்லை, தண்ணீர் மூடியதைத்தான் காட்டினார்கள், நீந்தத் தெரிந்த படகுக்காரி எங்கேயோ கரையேறியிருக்கலாம், கரையேறியவள் பழைய பெயரை விடாமல் பழைய வேலையை மட்டும் விட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். நான் அதை முழுதாக நீக்கினேன். திருத்தக் குறிப்பில், செத்தவள் செத்தவள்தான், பெயரைப் பிடித்துக்கொண்டு யாரும் திரும்பி வர முடியாது, இந்தப் பிள்ளைத்தனத்தை நிறுத்து என்று எழுதினேன். உலகமே படிக்கிற இடத்தில் எழுதினேன்.

வழக்கமாக ஒரே நாளில் நீ திருப்பிப் போட்டுவிடுவாய். அன்று போடவில்லை. மறுநாளும் இல்லை. கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். நீயாகப் பேசட்டும், அப்போது குழந்தை விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வீம்பாக இருந்தேன். நாலாவது நாள் அப்பா போன் செய்தார். மூச்சுத் திணறி, உன்னைக் காரில் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது உன் முகத்தில் மாஸ்க் இருந்தது. நர்ஸ் ஐந்து நிமிடம்தான் என்றார். அம்மா காலடியில் நின்றார். நீ மாஸ்க்கை விரலால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சிரித்தாய்.

"டேங்க் வரைக்கும் ஏற முடியல ரூபி. இல்லீன்னா உன்னைய சும்மா உட்டிருப்பனா?"

நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், நான் அழுதால் நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வெளியே வந்துவிட்டேன். மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் காபி கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாரமங்கலத்திலிருந்து உன் கடை முதலாளி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். என்னால் அப்போதும் உட்கார முடியவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

உன் பத்தியை நான் திருப்பிப் போட்டேன். பத்தாவது நாள், அந்த டேங்க் பக்கத்திலேயே நின்று போட்டேன். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில மாதம் கழித்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேள்வி எழுப்பினார். யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு புனைபெயர் மட்டும்தான். ஆதாரமில்லாத பத்தி, இரண்டு கேம்களுக்கும் தொடர்பு உண்டு என்று அவற்றைச் செய்தவர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா, இல்லையென்றால் நீக்கிவிடலாமே என்று மரியாதையாகக் கேட்டார். நான் எத்தனை வருடமாக உன்னிடம் கேட்டதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். இப்போது நான் உன் கட்சியில் நின்றுகொண்டிருந்தேன். என்ன வேடிக்கை பார்த்தாயா?

விட மனமில்லை. எட்டு மாத வயிற்றோடு, இரண்டாவது கேமுக்கு வசனம் எழுதியவரின் முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உன்னைப் பற்றி எழுதவில்லை. இரக்கத்துக்காக அவர் பொய் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்தேன். அந்த மெக்கானிக் படகுக்காரிதானா என்று மட்டும் கேட்டேன். அனுப்பிவிட்டு நாளுக்கு இருபது தடவை போனைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் அருள் ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவர் பதில் போட்டால் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. உறுதி என்று அவர் சொல்லிவிட்டால், நான் உன்னிடம் தோற்றுவிட்டதாக ஆகும். தோற்றுவிட்டேன் என்று உன் கல்லறைக்கு வந்து சொல்லலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குள் இவன் பிறந்துவிட்டான். ஆண் குழந்தை. உன் காது, அருளின் மூக்கு. பிரசவத்துக்கு அம்மா வீடு என்பதால் இங்கேதான் இருக்கிறேன்.

பிறந்த மூன்றாம் நாளே அம்மா பேச்சை எடுத்துவிட்டார். ஞானஸ்நானத்துக்கு ஜோயல் என்று வைக்கவேண்டும். அதில் அவருக்குக் கேள்வியே இல்லை. அருள் சரி என்றார். அப்பா தலையாட்டினார். நான் முடியாது என்றேன்.

"அண்ணன் வேறீங்கம்மா, இவன் வேற. பேர வெச்சு ஆள மாத்த முடியாது."

நான் சொன்னது உனக்கு எழுதிய அதே வாதம்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வாரக்கணக்கில் என்னோடு சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சில்லை. பாதர் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார், பெயர் முடிவாயிற்றா என்று. ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை, அண்ணா. அது கொள்கை இல்லை, பயம். பெயரோடு உன் நெஞ்சும் இவனுக்கு வந்துவிடுமோ என்று பயம். படித்தவள்தான் நான். உனக்கு வந்தது காய்ச்சலால் வந்தது, அது மாமனிடமிருந்து மருமகனுக்கு வராது என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். ஸ்கேன் எடுத்துக் காட்டி, நல்ல இதயம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அவன் நெஞ்சில் காது வைத்தேன். பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றாகிவிட மாட்டான் என்று ஊருக்கெல்லாம் வாதாடியவள், உள்ளுக்குள் ஒன்றாகிவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உன்னைவிட அதிகமாக நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் பதில் வந்தது. நீளமான பதில், நல்ல மனுஷர். அந்த வேலையில் சேர்ந்த புதிதில், முக்கியமில்லாத ஆட்களுக்கு வைப்பதற்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் கொடுத்தார்கள், அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன் என்றார். படகுக்காரி வருகிற கேமைத் தான் விளையாடியதே இல்லை என்றார். தண்ணீர்ப் பக்கம் இருந்தவள் என்ற வாக்கியம் வேறொரு ஆளுக்காக எழுதியது, அந்த ஆளைக் கேமிலிருந்து எடுத்துவிட்டதால் வாக்கியத்தை வீணாக்காமல் இவளுக்குக் கொடுத்தேன் என்றார். கடைசியில், ஏமாற்றமளித்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.

ஆக, நான் சொன்னதுதான் சரி. வெறும் பெயர்ப் பஞ்சம். இத்தனை வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், அண்ணா. அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு டேங்க் மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றியிருந்த மிளகுக்கொடி கையெல்லாம் உரசிற்று. அந்தப் பதிலை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. உறுதி என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முற்றத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதில் அவனைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவராகவே பேசினார்.

"அவன் திரும்பி வந்துட்டான்னு நான் நெனைக்கல, கண்ணு. நான் என்ன பைத்தியமா? மண்ணு போட்டவ நான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ போன பிறகு நான் நிலையாக உட்கார்ந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

"முப்பது வருசம் ஒரு பேரச் சொல்லிச் சொல்லி இந்த ஊட்டுல கூப்புட்டேன். சாப்புட வா, மாத்திர போட்டியா, மழைல நனையாதன்னு. இப்ப அந்தப் பேரு வாய்க்குள்ளயே நிக்குது. வெளிய உட்டா ஆரும் ஏன்னு கேக்க மாட்டேங்கறாங்க. நொம்ப வலிக்குது சாமி. அந்தப் பேரச் சத்தமா ஒருக்கா கூப்புடணும். ஆராச்சும் திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான்."

நான் என் பயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்து அவன் நெஞ்சின் மேல் வைத்தார். அது வேகமாக அடித்துக்கொண்டிருந்தது, குழந்தைகளுக்கு அடிக்கிற மாதிரி. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மழை விட்டிருந்தது. ஏற்காடு ஏரிப் பக்கம் டூரிஸ்ட் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் கோயிலுக்குப் போகவே தாமதமாகிவிட்டது. இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று பாதர் கேட்டார். தாயும் தகப்பனும் சொல்லவேண்டிய பதில் அது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதலில் புரியாமல் நின்றார். பிறகு சொன்னார். கோயிலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, முற்றத்திலிருந்து டேங்க் மேட்டைப் பார்த்துக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் சொன்னார். அப்பா கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான். தலையில் தண்ணீர் பட்டதும் எழுந்து ஊரே கேட்க அழுதான்.

அன்று சாயந்திரம் பக்கத்தைத் திறந்தேன். பொய் எழுதவில்லை. வந்த பதிலை உள்ளது உள்ளபடி போட்டேன். மிரேனை 'பெயர் ஒற்றுமை மட்டும்' என்ற தலைப்புக்குள் நானே இறக்கிவைத்தேன். கை கூசியது. ஆனால் நீ ஆதாரத்தை மதிப்பவன். என்னை ஏமாற்றியாவது ஜெயிக்கவேண்டும் என்று நீ ஒரு நாளும் நினைத்ததில்லை. உன் பத்தியை மட்டும் நான் நீக்கவில்லை. ஒரு ரசிகரின் வாசிப்பு என்று தலைப்புக் கொடுத்து, உன் பெயரைப் போட்டு, அதே பக்கத்தின் கீழே வைத்தேன். எழுதியவர் இறந்துவிட்டார், நான் அவர் தங்கை, இதை இங்கே இருக்க விடுவீர்களா என்று கேட்டு ஒரு குறிப்பும் போட்டேன்.

கேள்வி கேட்ட அந்த வெளிநாட்டுக்காரர்தான் முதலில் பதில் எழுதினார். பத்தி இருக்கட்டும் என்றார். அதைப் படித்த பிறகுதான் அந்த நிலையத்துக்குத் திரும்பிப்போய் மெக்கானிக்கிடம் பேசினேன், அதற்கு முன் மூன்று முறை கேமை முடித்தும் அவள் அங்கே இருப்பது தெரியாது என்றார். அவருக்குக் கீழே இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், ஒவ்வொரு முறையும் அவளிடம் போய் நின்றுவிட்டுத்தான் கப்பலைக் கிளப்புவாராம். ஆதாரம் இல்லை என்று தெரிந்தும் போய் நிற்கிறார்கள், அண்ணா. இதற்கு என்ன தலைப்புக் கொடுப்பது? நம்முடைய மூன்றில் எதிலும் அடங்கவில்லையே.

உன்னிடம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இனி அதிக நாள் இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்ததா? டாக்டர் சொன்ன அடுத்த ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாயே, அதனால்தான் அந்தப் பத்தியை அவ்வளவு நீளமாக எழுதினாயா? இல்லை, உன் வழக்கமான பிடிவாதம்தானா? செத்த பிறகு எல்லாவற்றுக்கும் பெரிய அர்த்தம் தேடுவது தப்பு என்று நீயே என்னைக் கேலி செய்வாய். செய்தால் நன்றாக இருக்கும். எனக்குப் பதில் வராத கேள்வி இது ஒன்றுதான். இதற்கு யாருக்கு மின்னஞ்சல் எழுதுவது?

தொட்டிலில் அசைகிறான். எழுந்துவிட்டான் போலிருக்கிறது. அம்மா உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. நீ எங்கேயோ இருந்து ஏன் என்று குரல் கொடுப்பாய் என்று ஒரு நொடி நிற்கிறேன். பிறகு இவன் சிணுங்குகிறான். ஓடுகிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவனை ஒரு நாளும் நீயாக இருக்கச் சொல்ல மாட்டேன். மேட்டில் ஓடட்டும், விழட்டும், கேம் பிடிக்கவில்லையென்றால் போகட்டும். விவரம் தெரிகிற வயதில், இந்தப் பெயரில் இவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்று முழுதாகச் சொல்லுவேன். நான் அவனுக்குக் கடைசியாக எழுதியது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுவேன். கேட்டுவிட்டு இவன் என்னிடம் சண்டைக்கு வந்தால், இவன் கட்சியை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பேன்.

உன் பத்தியில் இனி ஒரு எழுத்தையும் வெட்டாத உன் தங்கச்சி,
குட்டி ஜோயலின் அம்மா,
ரூபி